தையற்கடை ஏலம்

எங்கள் கடை நொடித்துவிட்டது என்ற செய்தி ரப்பர் தோட்டத்து லயங்களுக்குள், தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளுக்குள், பரவிய அன்று முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. புளிச்சோறு கொண்டுவந்திருந்தார். வாழையிலையில் பொதிந்து, மேலே துணி சுற்றி, பிரயாணத்துக்குக் கட்டுவதுபோல இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்.

"எப்ப கெளம்புறீங்க?" என்றார், குரலைத் தணித்து.

"எங்கே அக்கா?"

"சொல்ல வேணாம்னா விடு. புள்ளைக்கு வழியில பசிக்குமேன்னுதான் கொண்டாந்தேன். ஜித்ரா தாண்டுற வரைக்கும் எங்கேயும் எறங்காதீங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மலாயாவின் வடக்கு ஓரத்திலிருந்த எங்கள் கெடாவில் கடன் கட்ட முடியாதவர்களுக்கு ஒரு வழி எப்போதும் திறந்தே இருந்தது. வடக்கே போய் எல்லையைத் தாண்டினால் சயாம். எங்கள் கடை வரிசையிலேயே ஒரு நாவிதரும் ஆட்டு வியாபாரி ஒருவரும் அப்படிப் போயிருந்தார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை. காய்ச்சலில் படுத்தவர்களைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசினார்கள். அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு சோற்றுப் பொதிகளும் ஒரு பழைய கம்பளியும் வந்துவிட்டன. வாங்கிக்கொண்டால் ஓடப்போகிறோம் என்று ஒப்புக்கொண்டதாகும். திருப்பிக் கொடுத்தால் மனம் நோகும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கி வைத்தேன்.

என் கணவர் வந்து ஒரு பொதியைப் பிரித்துச் சாப்பிட்டார். யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று சொன்னேன்.

"நாளைக்கும் கெளம்புறோம்னே சொல்லிவை. ரெண்டு நாளைக்கு அடுப்பு மூட்ட வேணாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால், நான் அதற்குள் குழந்தையின் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்திருந்தேன்.

புக்கிட் செலம்பாவில் அவருடைய தையற்கடை சிறியது. சுற்றியிருந்த தோட்டங்களின் தீபாவளித் துணியில்தான் ஆண்டு முழுவதும் ஓடியது. பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே லயம் லயமாகப் போய் அளவெடுப்பார். சுங்கைப்பட்டாணியில் இருந்த துணிக்கடை முதலாளி ஒருவரிடம் துணியைக் கடனாக எடுப்பார். தைத்துக் கொடுத்து, தோட்டத்தில் சம்பளம் போட்டதும் வசூலித்து, முதலாளிக்குக் கட்டுவார். எல்லாத் துணியையும் ஒரே நேரத்தில் விரித்து வெட்டுவது அவர் வழக்கம். பெரியவர் சட்டைக்கும் சின்னவர் சட்டைக்கும் இடையில் விழும் துண்டில் ஒரு குழந்தை ரவிக்கை கிடைத்துவிடும் என்பார். அதனால்தான் மற்றக் கடைகளைவிட அவரால் விலை குறைத்துக் கொடுக்க முடிந்தது.

ரப்பர் விலை விழுந்த அந்த வருடமும் அப்படித்தான் எல்லாவற்றையும் வெட்டி முடித்தார். அடுத்த வாரம் தோட்டத்தில் பாதிப் பேருக்கு வேலை இல்லை என்றார்கள். மிச்சப் பேருக்குச் சம்பளம் குறைந்தது. பல குடும்பங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். வெட்டாத துணியாக இருந்தால் முதலாளி திரும்ப எடுத்துக்கொண்டிருப்பார். வெட்டிய துணியை யார் எடுப்பார்கள்? அளவு எழுதிய சீட்டுகளோடு சின்னச் சின்னக் கட்டுகளாக அவை கடை முழுக்கக் குவிந்து கிடந்தன.

"ஓடிப்போய் அங்கே என்ன செய்யிறது?" என்றார் அவர். "எனக்குத் தெரிஞ்சது இங்கே உள்ளவங்க அளவுதான். நான் கோர்ட்டுக்குப் போறேன்."

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த யாழ்ப்பாணத்துக் கிளார்க்கு ஒருவருக்கு அவர் முன்பு கோட்டுத் தைத்திருந்தார். அவரிடம் போய் விசாரித்து வந்தார். கட்ட முடியாதவன் தானாகவே போய் முடியவில்லை என்று எழுதிக் கொடுக்கலாம். கோர்ட்டு அதிகாரி ஒருவர் சொத்தையெல்லாம் தன் பொறுப்பில் எடுத்து, ஏலம் விட்டு, கடன்காரர்களுக்குப் பங்கிடுவார். மிச்சத்துக்கு மாதாமாதம் கட்ட வேண்டும். ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஒழுங்காக நடந்துகொண்டால் ஒருநாள் விடுவிப்பார்கள். அப்படி எழுதிக் கொடுப்பதற்கும் ஒரு கட்டணம் உண்டு என்றபோது எனக்குக் கோபம் வந்தது. திவாலாவதற்கே காசு வேண்டுமா? அவர் அதையும் எங்கிருந்தோ புரட்டிக் கட்டிவிட்டு வந்தார்.

அதிகாரி ஒரு மலாய்க்காரர். மெலிந்த மனிதர், அதிகம் பேசாதவர். கிளார்க்கோடு கடைக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடையில் இரண்டு மிஷின்கள் இருந்தன. ஒன்று அவர் தொழில் தொடங்கியபோது வாங்கிய பழைய கைமிஷின். மற்றது கால்மிஷின், எங்கள் திருமணத்துக்கு என் அப்பா வாங்கிக் கொடுத்தது. அப்பா தோட்டத்துப் பள்ளி வாத்தியார். அந்த மிஷினுக்காக எவ்வளவு காலம் மிச்சம் பிடித்தார் என்பது எனக்குத் தெரியும். தொழில் செய்ய ஒரு கருவியை விட்டுவைப்பார்களாம், ஆனால் அதன் விலை ஓர் அளவுக்குள் இருக்க வேண்டும். கைமிஷின் அதற்குள் அடங்கியது. கால்மிஷின் அடங்கவில்லை.

"அம்மா, இந்த மிஷின் ஆருடையது?" என்று கிளார்க்கு என்னிடம் கேட்டார். "உங்கட சீதனமோ? யோசிச்சுச் சொல்லுங்கோ."

என்னுடையது என்று சொன்னால் அதை ஏலத்தில் சேர்க்க மாட்டார்கள். கிளார்க்கு எனக்கு நல்லதுதான் நினைத்தார். கைமிஷினில் தைத்தால் வேலை பாதிதான் ஓடும். பாதி வேலையில் கடை வாடகையும் கொடுத்து, கடனும் கட்டி, குழந்தைக்குப் பாலும் வாங்க முடியாது. கடையை மூட வேண்டியதுதான். என் கணவரைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை, கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பந்தலில் அப்பா எல்லார் முன்பாகவும் "இது மாப்பிள்ளைக்கு" என்று சொல்லித்தான் கொடுத்தார். அதையே சொன்னேன். கிளார்க்கு பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார். வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாமோ என்று அன்று முழுவதும் மனம் அடித்துக்கொண்டது. இன்றும் சில நாட்களில் அடித்துக்கொள்கிறது.

பிறகு அதிகாரி துணிக் குவியலைக் காலால் மெல்லத் தொட்டு, இது என்ன குப்பையா என்று மலாயில் கேட்டார். அதிகாரிகளை நாங்கள் துவான், அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம்.

"குப்பை இல்லே துவான். வெட்டின துணி. என்னைத் தைக்க விடுங்க."

"கூலி யார் தருவார்?"

"கூலி வேணாம். இப்படியே வித்தா மிஷின் தொடைக்கிற துணி வெலைக்குத்தான் போவும். தைச்சு வித்தா கடன்காரங்களுக்குக் கொஞ்சமாச்சும் கிடைக்கும். வெட்டினது நான்தானே."

அதிகாரி குனிந்து ஒரு கட்டை எடுத்து அளவுச் சீட்டைப் பார்த்தார். அப்படி ஒருவர் கேட்டு அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. தைத்து முடிக்கும்வரை கால்மிஷின் கடையிலேயே இருக்கட்டும் என்றார். துணி நல்ல விலைக்குப் போனால், மிஷினை விட்டுவைக்கலாமா என்று கடன்காரர்களிடம் கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னார். அந்த ஒரு சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு நாங்கள் தைத்தோம். நான் காஜா எடுத்தேன், ஓரம் அடித்தேன். எனக்கு ஒவ்வொரு கட்டிலும் சந்தேகம் வரும். இதெல்லாம் இனி நம்முடையதே இல்லையே, இதற்கும் இவ்வளவு நெருக்கமாகத் தையல் போட வேண்டுமா என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"தையல் பிஞ்சா பொத்தான் உளுந்துரும்" என்றார். "உளுந்த பொத்தானைத் தேடுறவன், இது திவாலான துணி, பரவால்லேன்னு சொல்லுவானா? என்னையத்தான் திட்டுவான்."

சாப்பாட்டுக்கு என் அப்பா அரிசி அனுப்பினார். வாரத்தில் ஒருநாள் இவர் சைக்கிளை மிதித்துத் தஞ்சோங் டாவாய் வரை போய், மீனவர்களின் படகுப் பாய்களைப் பெரிய ஊசியால் ஒட்டுப்போட்டுக் கொடுத்துவிட்டு வருவார். அவர்கள் கூலிக்குப் பதிலாக நெத்திலிக் கருவாடு கொடுப்பார்கள். மறைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே, அதற்காக அந்த நெத்திலியையும் சுங்கைப்பட்டாணிக்கு எடுத்துப்போய் அதிகாரியின் மேசைமேல் வைத்திருக்கிறார். அலுவலகம் முழுக்க நாறியிருக்கும். "இதை நான் எப்படிப் பங்கிடுவது? கொண்டுபோய்ச் சாப்பிடு" என்று அவர் விரட்டினாராம். வீட்டுக்கு வந்து இவர் இதைப் பெருமையாகச் சொன்னார். வெட்கமாக இருந்தது எனக்கு. ஆனாலும் அன்று சமைக்கும்போது, இந்த மனிதரை எந்த அதிகாரியும் எதற்காகவும் பிடித்துப்போக முடியாது என்று முதன்முறையாகக் கொஞ்சம் பயம் விட்டது.

சம்பளத்துக்கு அடுத்து வந்த ஓய்வு நாளில் ஏலம், தோட்டத்தார் பேச்சில் லேலோங். கடைக்கு முன்னால் இருந்த நடைபாதையில் பலகை போட்டு, தைத்த துணிகளை அடுக்கினோம். கால்மிஷினை வாசலுக்கு இழுத்து வைத்தார்கள். துணிக்கடை முதலாளி குடையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் தமிழ் முஸ்லிம், வயதானவர், கறார் என்று பெயர். நாங்கள் பாக்கி வைத்திருந்த பொத்தான்கடைக்காரரும் கட்டட உரிமையாளரும் அவர் பக்கத்தில் இருந்தார்கள். மிஷினுக்காக டவுனிலிருந்து ஒரு சீனத் தையற்காரர் வந்திருந்தார். மூட்டையாக வாங்கலாம் என்று கந்தல்துணிக்காரர் ஒருவரும் வந்திருந்தார்.

தோட்டத்து மக்கள் கூட்டமாக வந்தார்கள். வெளுத்த வேட்டி, தலைக்கு எண்ணெய், குழந்தைகளுக்குப் பொட்டு. அவர்களைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. இத்தனை பேர் வாங்கினால் போதும், மிஷின் எங்களிடமே தங்கிவிடும்.

ஏலக்காரர் மணியை ஆட்டி ஒரு நீல ரவிக்கையைத் தூக்கிக் காட்டினார். "ஒரு வெள்ளி? எண்பது காசு? ஐம்பது?"

யாரும் வாய் திறக்கவில்லை. ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். சாவு வீட்டில் நிற்பதுபோல இருந்தது. அடுத்த சட்டை. அதற்கும் அப்படியே. அதிகாரியின் நெற்றி சுருங்கியது. கந்தல்துணிக்காரர் தொண்டையைக் கனைத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு விலை சொன்னார். மிஷின் துடைக்கிற துணிக்கான விலைதான் அது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினேன். "ஏன் அக்கா யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க?"

"நீ பயப்படாதே புள்ள" என்று என் கையைப் பிடித்தார். "லயத்துல எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம். தையக்காரண்ணன் நொடிச்ச நேரத்துல அவர் வீட்டுப் பொருளை நாங்க லேலோங்குல எடுக்கிறதா? ஒருத்தரும் தொட மாட்டோம். யாரும் எடுக்கலேன்னா உங்ககிட்டயே திருப்பிக் குடுத்துருவாங்கல்ல?"

இவ்வளவு அன்பான ஒரு தவறை நான் அதுவரை கண்டதில்லை. எங்களுக்காக அவர்கள் கட்டிய கட்டுப்பாடு எங்கள் மிஷினைக் கொண்டுபோகப் போகிறது. அக்காவிடம் விளக்கிக்கொண்டிருக்க நேரம் இல்லை. கடைக்குள் ஓடி என் கணவரிடம் சொன்னேன். அவர் அதிகாரியின் அருகே குனிந்து ஏதோ கேட்டார். அதிகாரி தலையசைத்தார்.

அவர் ஏலக்காரர் கையிலிருந்து நீல ரவிக்கையை வாங்கிக்கொண்டு நடைபாதை ஓரத்துக்கு வந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். காது இரண்டும் சிவந்திருந்தன.

"எனக்கு நல்லது செய்யணும்னு நிக்கிறீங்க. தெரியுது" என்றார். "ஆனா நீங்க வாங்காட்டி இது எனக்குத் திரும்பி வராது. அதோ அவரு மூட்டை கட்டிக்கிட்டுப் போயிருவாரு. மிஷினும் போயிரும். நீங்க குடுக்கிற காசும் எனக்கு வராது. முதலாளிக்குப் போவும், அவர்கிட்ட வாங்கின கடனுக்கு. அது போவணும்னுதான் நான் இத்தனை நாளும் தைச்சேன்."

கூட்டத்தில் சலசலப்பு. பின்னால் நின்ற ஒரு கிழவர், "அப்ப எடுத்தா பாவம் இல்லையா?" என்று கேட்டார்.

"எடுக்காட்டித்தான் தாத்தா எனக்குப் பாவம்" என்று சொல்லி, ரவிக்கையின் இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்தார். "இங்க பாருங்க. வலது கை அரை இஞ்சு கூட வெச்சிருக்கேன். ரப்பர் பால் வாளி தூக்கித் தூக்கித் தெரண்ட கை. இதை வேற யாரு போட்டாலும் தொளதொளன்னு இருக்கும். யாருக்கு வெட்டினேன்?"

கூட்டத்தின் நடுவில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, அது ஏங் கைதாண்ணே!"

"அப்ப துவான்கிட்ட வெல சொல்லும்மா."

"வெல பேசலாமா? நீங்கதான் குறைக்கவே மாட்டீங்களே!"

"இன்னிக்கு வெலை எங்கையில இல்லே. ஆசை தீரப் பேசிக்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் ஒரு விலை சொன்னாள். ஏலக்காரர் மணியை ஆட்டி, வேறு யார், வேறு யார் என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. ரவிக்கை அவளுக்கே போயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு துணியும் அப்படித்தான் போனது. யாருக்கு அளவெடுத்ததோ அவர் விலை சொல்வார், மற்றவர்கள் வாய்மூடி நிற்பார்கள். இப்படிப் போட்டியே இல்லாத ஏலத்தை ஏலக்காரர் பார்த்திருக்க மாட்டார். மணியை ஆட்டுவதைக்கூட ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார். ஆனால் அவர்கள் யாரும் அடிமட்ட விலை சொல்லவில்லை. முடிந்தவர்கள் அளவெடுத்த அன்று இவர் சொன்ன விலையையே சொன்னார்கள். சம்பளம் குறைந்தவர்கள் பாதி சொன்னார்கள். கப்பலேறிப் போனவர்களின் துணிகள்தான் தங்கின. அதிலும் ஒரு பாவாடையை ஒரு பெண் கேட்டு வாங்கினாள். அவள் தங்கைக்கு வெட்டியதாம். ஊருக்குப் போகும் யாரிடமாவது கொடுத்தனுப்புவேன் என்றாள்.

கடைசியில் மிஷின். வந்த தொகையைச் சொல்லிவிட்டு அதிகாரி கடன்காரர்களைப் பார்த்தார். சீனத் தையற்காரர் தன் விலையைச் சொன்னார். நல்ல விலைதான். குழந்தையை நான் இறுக்கியதில் அது அழத் தொடங்கியது.

துணிக்கடை முதலாளி விற்காமல் கிடந்த ஒரு சட்டையை எடுத்தார். வெளிப்பக்கத்தை அவர் பார்க்கவில்லை. உள்ளே திருப்பி, தையலை விரலால் நீவிப் பார்த்தார்.

"இதைத் தைக்க ஒனக்கு யார் தம்பி கூலி குடுத்தது?"

"யாரும் இல்லே முதலாளி."

"கைமிஷின் மட்டும் இருந்தா மாசம் எனக்கு எவ்வளவு கட்டுவே?"

அவர் ஒரு தொகை சொன்னார்.

"கால்மிஷினும் இருந்தா?"

அதைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேல் கொஞ்சமும் சொன்னார். பிறகு, "தீபாவளி மாசத்துல கூடக் கட்டலாம். மழை மாசத்துல தோட்டத்துல வேலை இருக்காது, முடியாது, இப்பவே சொல்லிடுறேன்" என்றும் சேர்த்தார். அதை ஏன் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பதறியது.

முதலாளி சட்டையை மடித்துப் பலகையில் வைத்தார். "இந்தச் சீனத் தையக்காரத் தவுக்கே குடுக்கிறது ஒரு தடவையோட சரி. இவன் குடுக்கிறது மாசாமாசம். மிஷினை விட்டுருங்க துவான்" என்றார். மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். எழுந்து குடையை விரித்தவர் இவரிடம் திரும்பினார். "தருமம் பண்றேன்னு நெனைச்சுக்காதே. இது யாவாரம்."

"தெரியும் முதலாளி."

"வெட்டுறதுக்கு முன்னாடி இனிமே என்னை வந்து கேளு."

அவர் யாவாரம் என்று சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அப்படித்தான் இருந்தாலும் அந்த மனிதரை நான் இன்றுவரை கையெடுத்துக் கும்பிடுகிறேன். சீனத் தையற்காரர் சிரித்துக்கொண்டே தோளைக் குலுக்கினார். வந்ததற்கு ஒரு சின்னக் கால்சட்டையைத் தன் பிள்ளைக்கென்று விலை கொடுத்து எடுத்துப் போனார். மிஷின் கடன் தீரும்வரை கோர்ட்டின் பொறுப்பில் இருக்கும், விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, மாதாமாதம் சுங்கைப்பட்டாணிக்கு வந்து கட்ட வேண்டும் என்று கிளார்க்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். அதை உள்ளே இழுத்து வைக்கும்போது தோட்டத்து ஆட்கள் நான்கு பேர் கூடப் பிடித்தார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா தான் ஏலத்தில் எடுத்த ரவிக்கையோடு கடைக்கு வந்தார்.

"அண்ணே, புடிக்குது. மூச்சே விட முடியலே."

"அளவெடுத்தப்ப சரியாத்தானே இருந்துச்சு?"

"அப்ப நான் ஒருத்தி" என்று அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவருக்கு நாலாவது மாதம்.

"உள்ளே துணி விட்டிருக்கேன். பிரிச்சு விட்டுறலாம்" என்று ரவிக்கையை வாங்கியவர், கொஞ்சம் தயங்கினார். "இருபது காசு ஆவும்க்கா."

அக்கா இடுப்பில் கை வைத்தார். பிரித்துத் தைப்பதற்கு என் கணவர் யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. "என்ன லா அண்ணே! நேத்து வரைக்கும் சும்மாத்தானே செஞ்சீங்க?"

"நேத்து வரைக்கும் என் நேரம் என்னோடது. இப்ப சும்மா செஞ்சா முதலாளிக்குக் கட்ட வேண்டிய காசை நான் தானம் பண்ற மாதிரி ஆயிரும்."

"பாரு புள்ள, ஒம் புருசனை!" என்றார் அக்கா என்னிடம். "ஒரு லேலோங்குல மனுசன் செட்டியாரா மாறிட்டாரு!"

இருபது காசு கேட்டிருக்க வேண்டுமா, பத்து போதாதா, இத்தனை உதவி செய்தவரிடமா என்று எனக்குள் ஓடியது. ஆனால் நான் குறுக்கே பேசவில்லை. அக்கா முணுமுணுத்துக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்து, காசை மேசைமேல் தட்டி வைத்தார். அவர் அதை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, மிஷின் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பழைய தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.